ஜிப்சியில் தேய்ந்த ஸ்டீயரிங் பாக்ஸ்: எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

கேள்வி: 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங். ஸ்டீயரிங்கில் நான்கு விரல் அகலத்துக்கு ஆட்டம் இருந்தது. மெக்கானிக் பாக்ஸ் மேலே இருக்கும் திருகை இரண்டு முறை இறுக்கினார். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் இப்போது வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. நேர் ரோட்டிலும் வண்டி அலைகிறது. பாக்ஸையே மாற்றிவிடலாமா? மாற்றினால் என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

"தானாகத் திரும்பி வருவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் இதில் முக்கியமான தகவல். பாக்ஸ் தேய்ந்ததால் மட்டும் அப்படி ஆகாது. திருகை அளவுக்கு மேல் இறுக்கியதால் ஆகியிருக்கிறது. அந்தத் திருகு என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

ஜிப்சியில் இருப்பது பவர் இல்லாத ரீசர்குலேட்டிங் பால் பாக்ஸ். ஸ்டீயரிங் தண்டு உள்ளே போய் வார்ம் என்ற மரைத் தண்டாக முடிகிறது. அதன்மேல் ஒரு பெரிய நட் ஏறி இறங்கும். மரைக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக ஓடி, குழாய் வழியே சுற்றி வரும். நட்டின் ஒரு பக்கம் பற்கள் இருக்கும். அவை செக்டர் ஷாஃப்ட்டின் பற்களைத் திருப்பும். செக்டர் ஷாஃப்ட்டின் அடி நுனியில்தான் பிட்மேன் ஆர்ம். அது டிராக் லிங்க் என்ற கம்பி வழியாகச் சக்கரங்களைத் திருப்பும். இந்தப் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. மேல் மூடியில் இருக்கும் திருகை இறுக்கினால் செக்டர் ஷாஃப்ட் கீழே இறங்கி, பற்கள் இன்னும் நெருங்கும். ஆட்டம் குறைவது இப்படித்தான்.

வண்டி பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓடுகிறது. அதனால் நடுவில் இருக்கும் பல்லும், வார்மின் நடுப்பகுதியும்தான் முதலில் தேயும். ஓரங்கள் ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். நடுவில் ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், ஓரத்தில் பற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் அங்கேயே நின்றுவிடுவது அதனால்தான். நேர் ரோட்டில் அலைவதற்கும் அதே காரணம்: சக்கரம் தானாக நேராக வர முயலும்போது பாக்ஸ் விடுவதில்லை. மலைப்பாதையில் இந்த நிலையில் ஓட்டுவது ஆட்டத்தோடு ஓட்டுவதைவிட ஆபத்து. இன்றே திருகைப் பூட்டும் லாக் நட்டைத் தளர்த்தி, மெக்கானிக் இறுக்கிய அளவு திருகை எதிர்த்திசையில் திருப்பிவிட்டு, லாக் நட்டை மறுபடி இறுக்கிவிடுங்கள். பிறகு நிதானமாகச் சோதிக்கலாம்.

பாக்ஸ் வாங்குமுன் குற்றவாளி பாக்ஸ்தான் என்று நிரூபிக்க வேண்டும். இதில் ஒரு சின்னக் கணக்கு உதவும். ஸ்டீயரிங் ஏறக்குறைய 16 டிகிரி திரும்பினால் பிட்மேன் ஆர்ம் 1 டிகிரி திரும்பும். ஆர்மின் நீளம் 13 செ.மீ., ஸ்டீயரிங் வளையத்தின் குறுக்களவு 38 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராக் லிங்க் மூட்டில் வெறும் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் வளையத்தில் அது 23 மி.மீ. ஆகத் தெரியும். இரண்டு மூட்டுகள் அப்படித் தேய்ந்திருந்தால் பாக்ஸ் புதிதாக இருந்தாலும் உங்கள் நான்கு விரலில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். பாக்ஸ் மாற்றியும் ஆட்டம் போகவில்லை என்று வரும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். வளையத்தில் 10 முதல் 30 மி.மீ. வரை ஆட்டம் இந்த வண்டிக்கு இயல்பே என்பதையும் நினைவில் வையுங்கள். காரைப் போல் இறுக்கமாக எதிர்பார்க்கக் கூடாது.

சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். நான்கு சக்கரமும் தரையில் இருக்கட்டும். அவர் ஸ்டீயரிங்கை ஒரு கையகலத்துக்குள் இடமும் வலமும் மாறி மாறி ஆட்டட்டும். நீங்கள் முன்பக்கம் படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பாருங்கள். கண்ணைவிடக் கை துல்லியமாகச் சொல்லும். ஸ்டீயரிங் தண்டில் உள்ள ரப்பர் கப்ளிங்கில் தொடங்குங்கள். தண்டு திரும்பி, கப்ளிங்கின் மறுபக்கம் தாமதித்தால் ரப்பர் போய்விட்டது. அடுத்து பாக்ஸின் உடம்பும் சேஸிஸும் சேரும் இடம். ஒரு விரலை இரண்டின் மேலும் படும்படி வைத்தால் பாக்ஸ் அசைகிறதா என்பது உடனே தெரியும். போல்ட்டைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருத்தூள் கோடு இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது.

பிறகு பாக்ஸ். உள்ளே போகும் தண்டையும் வெளியே வரும் பிட்மேன் ஆர்மையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். தண்டு கொஞ்சம் திரும்பிய பிறகுதான் ஆர்ம் கிளம்புகிறது என்றால் ஆட்டம் பாக்ஸுக்குள். ஆர்மைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளி இழுத்தும் பாருங்கள். ஷாஃப்ட் அப்படியே ஆடினால் செக்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்துவிட்டது. அடியில் எண்ணெய்க் கசிவும் கூடவே இருக்கும். இதை எந்தத் திருகாலும் சரிசெய்ய முடியாது.

அதன்பின் டிராக் லிங்கின் இரண்டு முனைகள், டை ராட்டின் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) இரண்டு முனைகள். கடைசியாக முன் அச்சு முழுவதும்: ஸ்பிரிங் பட்டை புஷ், ஷேக்கிள், யு போல்ட். ஸ்டீயரிங் ஆட்டும்போது அச்சே பக்கவாட்டில் நகர்ந்தால் அங்கேதான் வேலை. கிங் பின் (சக்கரம் இடவலமாகத் திரும்பும் முளை) பார்க்க முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவியாளரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங் பின் பேரிங். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் கடகடவென்று நடுங்குவதும் ஆட்டமும் வேறு வேறு நோய்கள். நடுக்கத்துக்குப் பெரும்பாலும் கிங் பின் இறுக்கம் குறைந்ததோ, டயர் பேலன்ஸோதான் காரணம். டை ராட்டும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஆயில் சீலும் கழற்றிய நிலையில், நக்கிள் ஆர்மின் நுனியில் ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் 1 முதல் 1.8 கிலோவில் நக்கிள் அசையத் தொடங்க வேண்டும். அதைவிட எளிதில் அசைந்தால் கிங் பின்னடியில் ஷிம் (மெல்லிய தகடு) குறைக்க வேண்டும். நடுக்கத்துக்காகப் பாக்ஸ் வாங்காதீர்கள்.

பாக்ஸ்தான் என்று உறுதியானால் கடைசியாக ஒரு சோதனை. டிராக் லிங்கைப் பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றுங்கள். நல்ல பாக்ஸில் நடுவில் மெலிதாக ஓர் இறுக்கம் தெரியும், ஓரங்களில் லேசாகும். தேய்ந்ததில் நேர்மாறாக இருக்கும்: நடுவில் தொளதொள, ஓரத்தில் இறுக்கம். சுற்றும்போது மணல் அரைபடுவதுபோல் கையில் பட்டால் வார்மில் குழி விழுந்துவிட்டது. இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் மாற்றுவதே வழி.

ரீபில்ட் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். வார்மும் நட்டும் பளபளப்பாக, குழியில்லாமல் இருந்து, சீலும் புஷ்ஷும் மட்டும் போயிருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் ஆட்டத்தைப் போக்க ஒரு அளவு பெரிய குண்டுகளைப் போட்டுத் தரும் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம். தேய்மானம் நடுவில் மட்டும் என்பதால் பெரிய குண்டு நடுவில் சரியாக ஓடி, தேயாத ஓரத்தில் சிக்கும். திருகை இறுக்கியதில் வந்த அதே கோளாறு, இன்னும் மோசமாக.

பழைய பாக்ஸ் என்றால் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் ஏலத்தில் கழிந்த ஜிப்சிகளின் பாக்ஸ் கிடைக்கும். அங்கே மேலே சொன்ன சோதனையைக் கடையிலேயே செய்து பார்க்கலாம். தண்டில் ஒரு பிளையர் போட்டுச் சுற்றினால் போதும். மேல் திருகைப் பாருங்கள்: தலை சிதைந்து, மரை அதிகம் உள்ளே போயிருந்தால் யாரோ ஏற்கெனவே இறுக்கித் தீர்த்த பாக்ஸ். வைத்துவிட்டு வாருங்கள். எந்த பாக்ஸ் வாங்கினாலும் பழையதைக் கையோடு எடுத்துப்போய், போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, இரு ஷாஃப்ட்டுகளின் ஸ்பிளைன் (நுனியில் வெட்டிய பல் வரிகள்), சுற்றும்போது பிட்மேன் திரும்பும் திசை எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வெளிநாட்டு இணையக் கடைகளில் காணப்படும் சுசுகி சாமுராய் (ஜிப்சியின் வெளிநாட்டு உறவு வண்டி) பாக்ஸ்களில் பெரும்பாலானவை இடப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கானவை. நம் வண்டிக்குச் சேராது.

பாக்ஸோடு வாங்க வேண்டியவை: ரப்பர் கப்ளிங், டிராக் லிங்க் எண்ட் இரண்டு (ஒன்று வலமரை, ஒன்று இடமரை, பார்த்து வாங்குங்கள்), புது ஸ்பிளிட் பின்கள், பிட்மேன் நட்டுக்குப் புது ஸ்பிரிங் வாஷர், எஸ்.ஏ.இ. 90 கியர் ஆயில் 1 லிட்டர். பாக்ஸ் பிடிக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்தோ மரை இழுபட்டோ இருந்தால் தலையில் அதே தர எண் பொறித்தவையாக மாற்றுங்கள். ஹார்ட்வேர் கடையில் எடைக்கு விற்கும் போல்ட் இங்கே கூடாது. கருவிகளில் தவறவிடக் கூடாதவை இரண்டு: பிட்மேன் புல்லரும் டார்க் ரெஞ்சும்.

கழற்றுவது

முதல் நாள் மாலையே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். மறுநாள் சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களை நேராக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் அச்சை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கிரில்லைக் கழற்றிவிட்டால் கைக்கும் ஸ்பானருக்கும் இடம் கிடைக்கும். ஸ்டீயரிங் வளையத்தை நேராக வைத்து சீட் பெல்ட்டாலோ கயிற்றாலோ கட்டிவிடுங்கள். பாக்ஸ் இல்லாத நேரத்தில் வளையம் சுற்றிவிட்டால் எது நடு என்று தெரியாமல் போகும்.

கழற்றுமுன் பஞ்ச் அல்லது வெள்ளை பெயிண்டால் இரண்டு இடங்களில் குறி வையுங்கள்: கப்ளிங்கும் பாக்ஸ் தண்டும் சேரும் இடத்தில் ஒன்று, பிட்மேன் ஆர்மும் செக்டர் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் ஒன்று. டிராக் லிங்க் எண்டின் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைத் தளர்த்துங்கள். டேப்பர் (மூட்டின் கூம்பு வடிவ முனை) விடவில்லை என்றால் பால் ஜாயிண்ட் புல்லர் போடுங்கள். அல்லது ஆர்மின் கண்ணுக்கு ஒருபக்கம் கனமான சுத்தியை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியால் இரண்டு அடி. மரை நுனியில் அடித்தால் மரை மழுங்கும், டேப்பர் அசையாது.

பிட்மேன் நட்டைக் கடைசி இரண்டு மூன்று மரை இருக்கும்வரை மட்டும் கழற்றி, புல்லரை மாட்டுங்கள். நட் அங்கேயே இருந்தால் ஆர்ம் விடும்போது எகிறாது. விடாப்பிடியாக இருந்தால் புல்லரை இறுக்கத்தோடு விட்டுவிட்டு அரைமணி கழித்து மறுபடி இறுக்குங்கள். கேஸ் வைத்துச் சூடாக்க வேண்டாம். சீல் கருகுவது சின்ன நஷ்டம். அடித்து உருவாக்கிய ஆர்மின் பதம் கெட்டுப்போவதுதான் பெரியது. அது உடைந்தால் ஸ்டீயரிங்கே இல்லை. ஷாஃப்ட்டின் அடிநுனியைச் சுத்தியால் தட்டுவதும் கூடாது, பழைய பாக்ஸாக இருந்தாலும். அந்த ஆர்மைத்தான் மறுபடி போடப்போகிறோம்.

கப்ளிங் கிளாம்ப் போல்ட்டை முழுதாக வெளியே எடுத்தால்தான் தண்டு உருவும். பாக்ஸ் தண்டில் அந்த போல்ட்டுக்கென்று ஒரு பள்ளம் உண்டு. தளர்த்தினால் மட்டும் போதாது. மேல்தண்டைச் சுத்தியால் அடித்து ஏற்றி இறக்காதீர்கள். மோதலில் சுருங்கும்படி அமைத்த தண்டு அது. அடித்தால் உள்ளே உள்ள பிளாஸ்டிக் முளைகள் அறுந்து, தண்டே ஆடத் தொடங்கும்.

பாக்ஸ் வெளியே வந்ததும் சேஸிஸை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெளிச்சம் வைத்துப் பாருங்கள். பெரிய டயர் போட்ட வண்டியிலும், கல்லிலும் சேற்றிலும் ஓடிய வண்டியிலும் போல்ட் ஓட்டைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால் விரிசலின் இரு நுனியிலும் சின்னத் துளை போட்டு, வெல்டு செய்து, மேலே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். பாக்ஸ் மாட்டியிருக்கும்போது வெல்டு வைக்கக் கூடாது. பாட்டரி நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள். ஓட்டைகள் முட்டை வடிவமாகியிருந்தால் போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பாக்ஸ் நகரும்.

நடு கண்டுபிடித்தல்

பலர் தாண்டிப் போகும் வேலை இது. புது பாக்ஸின் தண்டைக் கையால் மெதுவாக ஒரு கோடிவரை சுற்றுங்கள். முட்டியதும் நின்றுவிடுங்கள், ஆர்ம் இல்லாத பாக்ஸை வேகமாக முட்டவிட்டால் குண்டுகள் சுற்றிவரும் குழாய் நெளியும். அங்கிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதி திரும்பி வாருங்கள். அதுதான் பாக்ஸின் நடு. நடுவில்தான் பற்கள் மிக நெருக்கமாகப் பொருந்தும்படி தொழிற்சாலையில் அமைத்திருப்பார்கள். தண்டில் குறி வைத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்ஸில் வைத்த குறியைப் பார்த்து, புது ஷாஃப்ட்டிலும் அதே இடத்தில் பிட்மேன் ஆர்மை ஏற்றுங்கள்.

பாக்ஸைச் சேஸிஸில் வைத்து எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் முடுக்கி, தண்டைக் கப்ளிங்கில் சேர்த்து, தண்டு இழுபடாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பாக்ஸ் போல்ட்டுகளை 70 முதல் 90 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கிவிட்டால் கப்ளிங் கோணலாகப் பிடித்து, சில மாதத்தில் ரப்பர் கிழியும். பிட்மேன் நட் இந்த வேலையிலேயே அதிக இறுக்கம் வாங்குவது. சர்வீஸ் மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், நீளக் குழாய் போட்டு மனக்கணக்கில் வேண்டாம்.

டிராக் லிங்கை மாட்டுமுன் டோ இன் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்யுங்கள். டை ராட்டின் நீளத்தை மாற்றினால் சக்கரங்களின் நடு நகரும். அதனால் வரிசை முக்கியம். முன்பக்க அளவு பின்பக்க அளவைவிட 2 முதல் 6 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அதன்பின் பாக்ஸ் நடுவில், வளையம் நேராக, சக்கரங்கள் நேராக வைத்துக்கொண்டு, டிராக் லிங்கின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ அதன் முனை ஆர்மின் ஓட்டையில் தானாக விழும்படி செய்யுங்கள். இரு முனைகளிலும் மரை ஏறக்குறைய சமமாக உள்ளே இருக்கட்டும். பால் ஜாயிண்ட் நட்டு 30 முதல் 55 நியூட்டன் மீட்டர். ஸ்பிளிட் பின் ஓட்டை பொருந்தாவிட்டால் நட்டை இன்னும் முன்னே இறுக்கிப் பொருத்துங்கள், தளர்த்திப் பொருத்தாதீர்கள்.

வளையம் கோணலாக நின்றால் அதைக் கழற்றி ஸ்பிளைனில் மாற்றிப் போடுவது பட்டறைகளில் பரவலான வழக்கம். பார்க்க நேராகிவிடும். ஆனால் வண்டி நேராக ஓடும்போது பாக்ஸ் தன் நடுவில் இருக்காது. பற்கள் லேசாகப் பொருந்தும் இடத்தில் ஓடும். புது பாக்ஸிலேயே ஆட்டம் தெரியும், உடனே யாராவது திருகை இறுக்குவார்கள், பழைய கதை மறுபடி தொடங்கும். உங்கள் வண்டியிலும் முன்பு அப்படி நடந்திருக்கலாம். கழற்றும்போது பழைய பாக்ஸின் நடுவை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்போதே இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். அச்சில் உள்ள நிறுத்துப் போல்ட்டில் நக்கிள் முதலில் முட்ட வேண்டும். பாக்ஸ் முதலில் முட்டினால், குழியில் சக்கரம் இடிக்கும் அடி முழுவதும் குண்டுகளின் மேல் விழும். நிறுத்துப் போல்ட்டைச் சரிசெய்து, டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசவில்லை என்றும் பாருங்கள்.

எண்ணெய். சில பாக்ஸ்கள் காலியாகவே வரும். ஊற்றாமல் ஓட்டினால் சீக்கிரமே வார்ம் கெட்டுவிடும். மேல் பிளக் வழியே எஸ்.ஏ.இ. 90 ஊற்றி, ஸ்டீயரிங்கை இருபக்கமும் மெதுவாக நான்கைந்து தடவை சுற்றிக் காற்றை வெளியேற்றி, மறுபடி அளவு பார்த்து நிரப்புங்கள். சீல் கசிகிறது என்று கிரீஸ் அடைப்பவர்கள் உண்டு. கிரீஸை குண்டுகள் ஒருமுறை ஒதுக்கித் தள்ளிவிட்டால் அது திரும்பி வராது, குண்டுகள் காய்ந்து ஓடும். கசிந்தால் சீலை மாற்றுங்கள்.

வீல் நட்டுகளை 50 முதல் 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிவிட்டு, முதலில் காலியான ரோட்டில் 20, 30 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வளைவு முடிந்ததும் பிடியை லேசாக்கினால் வளையம் தானாக நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால் கிங் பின் அதிக இறுக்கமா, கப்ளிங் கோணலா என்று பாருங்கள். ஸ்பிரிங் தூக்கி வைத்த வண்டியாக இருந்தால் காஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்திருக்கும், டிராக் லிங்கும் அதிகமாகச் சாய்ந்திருக்கும். மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்புவது அதனால்தான். அதை எந்த பாக்ஸும் சரிசெய்யாது. காஸ்டர் குறைவுக்கு அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்புத் தகடு வைக்க வேண்டும். ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் நடுக்கத்தைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) கடைசியில் பாருங்கள். நல்ல டேம்பர் தேய்மானத்தை மறைக்கும் என்பதால் சோதனை ஓட்டத்தை அது இல்லாமலே செய்து, எல்லாம் சரியான பிறகு மாட்டுவது நல்லது.

100 கி.மீ. ஓடிய பிறகு பாக்ஸ் போல்ட், பிட்மேன் நட், டிராக் லிங்க் லாக் நட் மூன்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். எண்ணெய் அளவையும் பாருங்கள். புது பாக்ஸின் மேல் திருகில் பெயிண்ட் கோடு ஒன்று போட்டு வையுங்கள், யார் தொட்டாலும் தெரியும். வருடங்கள் கழித்து உண்மையிலேயே ஆட்டம் வந்தால், மூட்டுகளை எல்லாம் சோதித்துவிட்டு, சக்கரங்கள் நேராக, டிராக் லிங்க் கழற்றிய நிலையில் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்கி, கோடியிலிருந்து கோடிவரை சுற்றிப் பாருங்கள். எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் போதும். பிடித்தால் அந்த எட்டில் ஒரு பங்கையும் திருப்பிவிடுங்கள்.